எழுத்துக்கு மூன்று பைட்டு: லோக்கல் தளத்தை ஹோஸ்டிங்குக்கு ஏற்றும் முன்

சொந்தக் கணினியில் (லோக்கலில்) கட்டிய தளம், ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வருக்கு மூன்றாவது தடவைதான் ஏறியது. முதல் தடவை தளம் திறந்தது, ஆனால் தமிழுக்குப் பதில் கிரேக்க ஆல்ஃபாவும் கோண மேற்கோளுமாக நின்றது. இரண்டாவது தடவை தமிழ் வந்துவிட்டது. படங்களில் பல காணோம், சைட்பார் காலி. மூன்றாவது தடவை எல்லாமே வந்தது. அந்த முறை ஏற்றும் வேலைக்கு ஆனது 40 நிமிடம். அதற்கு முன் லோக்கலிலேயே செய்த தயாரிப்புக்கு இரண்டு முழு நாள். இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த இரண்டு நாளைப் பற்றியது.

தளம் வேர்ட்பிரஸில் (பதிவுகளை டேட்டாபேஸில் வைத்துப் பக்கமாகக் காட்டும் மென்பொருள்) கட்டியது. வீட்டுத் தோட்டம் பற்றி 186 பதிவுகள், 900 சொச்சம் படங்கள், ஒரு தொடர்புப் படிவம். கட்டியது விண்டோஸ் 10 கணினியில், சாம்ப் (கணினியையே சிறு சர்வராக்கும் தொகுப்பு) 8.2.12இல். அதாவது வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி பிஎச்பி 8.2, டேட்டாபேஸ் மரியாடிபி 10.4. போய்ச் சேர வேண்டிய இடம் சிபேனல் (சர்வரை உலாவியில் நிர்வகிக்கும் பலகை) உள்ள ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது), லினக்ஸ் சர்வர். தடுக்கிய இடங்களில் பெரும்பாலானவை இரண்டே காரணத்தில் அடங்கின. ஒன்று, விண்டோஸ் கண்டுகொள்ளாததை லினக்ஸ் கண்டுகொள்ளும். இரண்டு, தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட்டு பிடிக்கும்.

முதலில் குப்பை

சாம்ப்பில் தளம் இருக்கும் எச்டிடாக்ஸ் ஃபோல்டர் 2.9 ஜிபி இருந்தது. அப்படியே ஏற்றத் தேவையில்லை. வேர்ட்பிரஸின் சொந்த ஃபைல்கள் மூவாயிரத்துக்கும் மேல். அவற்றை எஃப்டிபியில் (ஃபைல் அனுப்பும் முறை) ஒவ்வொன்றாக ஏற்றுவது வெட்டி வேலை. சர்வரிலேயே அதே பதிப்பைப் புதிதாக நிறுவிக்கொண்டு, படங்களும் தீமும் (தளத்தின் தோற்றம்) பிளகின்களும் (கூடுதல் வசதி நிரல்கள்) இருக்கும் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரையும் டேட்டாபேஸையும் மட்டும் கொண்டுபோனால் போதும்.

இடத்தை அடைத்திருந்தது படங்கள்தான். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் வேர்ட்பிரஸ் மூலப்படத்தை வைத்துக்கொண்டே 2560 பிக்சலில் ஒன்று, பிறகு 2048, 1536, 1024, 768, 300, 150 என்று வரிசையாக வெட்டி வைக்கும். ஒரு வெண்டைக்காய்ப் படத்துக்கு எட்டு ஃபைல். தீம் கேட்கும் அளவுகள் தனி. பழைய தீம் கேட்ட அளவுகளும் அழியாமல் கிடந்தன. மூலப்படங்களை 1600 பிக்சலுக்குச் சுருக்கி, சிறுபடங்களை மறுபடி உருவாக்கியதும் அப்லோட்ஸ் ஃபோல்டர் 410 எம்பிக்கு இறங்கியது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இடத்துக்கு மட்டுமல்ல, ஃபைல் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அதனால் இந்த வேலை வீண்போகாது.

டேட்டாபேஸில் பதிவுகளின் பழைய திருத்தப் பிரதிகள், காலாவதியான டிரான்சியன்ட் (தற்காலிகத் தரவு), அழித்த பிளகின்கள் விட்டுப்போன டேபிள்கள் ஆகியவற்றை நீக்கினோம். 214 எம்பி 31 எம்பி ஆனது. பயன்படுத்தாத பிளகின் ஒன்பதும் தீம் மூன்றும் போயின. டீபக் லாக் (பிழைப் பதிவு) ஃபைலையும் அழிக்க மறக்கக் கூடாது. அது டபிள்யூபி-கன்டென்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். சர்வருக்குப் போய்விட்டால் முகவரி தெரிந்த யாரும் படிக்கலாம்.

பெயர்கள்

இரண்டாவது முயற்சியில் படங்கள் காணாமல் போனதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள். ஒரே கோளாறு என்று நினைத்துக் குழம்பியதில்தான் அரை நாள் போனது.

ஒன்று, பெரிய எழுத்து சிறிய எழுத்து. லோகோ ஃபைலின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, தீமில் அதைச் சிறிய எழுத்தில் அழைத்திருந்தது. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டும் வேறு. படமென்றால் ஓர் ஓட்டையோடு போகும். தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைல் உள்ளே இழுக்கும் ஃபோல்டர் பெயரில் இது நேர்ந்தால் தளமே வெள்ளைத் திரை. இதைச் சரிசெய்வதிலும் ஒரு சிக்கல்: பெரிய எழுத்தை மட்டும் சிறியதாக்கிப் பெயர் மாற்றினால் விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால், ஃபைல் மாற்றங்களைக் கண்காணிக்கும் 'கிட்' (Git) நிரல் அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விடலாம். முதலில் வேறு ஏதாவது பெயர் வைத்து, பிறகு சரியான பெயருக்கு மாற்றுவது பாதுகாப்பு.

இரண்டு, தமிழில் பெயர் வைத்த படங்கள். 63 இருந்தன. லோக்கலில் எந்தத் தொல்லையும் இல்லை. ஜிப் கட்டி, சிபேனல் ஃபைல் மேனேஜரில் ஏற்றி, எக்ஸ்ட்ராக்ட் கொடுத்தபின் பார்த்தால், பெயர்களில் தமிழே இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒரு ஹேஷ் குறி, ஒரு யூ, பின்னால் நான்கிலக்கக் குறியீடு என்று நீண்டு கிடந்தன. சர்வரில் ஜிப்பை அவிழ்க்கும் நிரல் யுடிஎஃப்-8 அல்லாத சூழலில் ஓடினால் இப்படித்தான் எழுதிவைக்கும். ஃபைல் பத்திரமாக இருக்கிறது, பெயர்தான் வேறு. டேட்டாபேஸ் தேடுவது பழைய தமிழ்ப் பெயரை.

தமிழ்ப் பெயரை வைத்தே தீருவேன் என்றால் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட்டு. தமிழில் அது 85 குறிகள். விண்டோஸ் வரம்பு 255 குறிகள் என்பதால் அங்கே நிம்மதியாக இருக்கும் நீண்ட பெயர் இங்கே நுழையாது. பெயரின் வாலில் வேர்ட்பிரஸ் ஒட்டும் அளவு எண்களுக்கும் இடம் வேண்டும். அடுத்தது 'தோ' போன்ற எழுத்துகள். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றேதான், பைட்டில் வேறு. பழைய மேக் கணினிகள் ஃபைல் பெயரைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து வந்த 'தோட்டம்' படத்தைச் சேர்த்து எழுதிய 'தோட்டம்' என்று தேடினால் லினக்ஸ் கைவிரிக்கும்.

63 படங்களையும் ஆங்கில எழுத்துப் பெயருக்கு மாற்றினோம். வெறுமனே ஃபோல்டரில் மாற்றினால் டேட்டாபேஸுக்குத் தெரியாது. பதிவுக்குள் இருக்கும் இணைப்பையும் சேர்த்து மாற்றும் பிளகினை லோக்கலில் போட்டு மாற்றிவிட்டு, பிளகினைக் கழற்றிவிட்டோம்.

இருநூறு எழுத்துக்குள் ஒரு முகவரி

இது தமிழ்த் தளத்துக்கே உரிய தொல்லை. வேர்ட்பிரஸ் பதிவின் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும். அதை வைக்கும் கட்டம் 200 எழுத்து அகலம். தமிழ் அங்கே தமிழாகப் போவதில்லை. சதவீதக் குறியீடாக மாறிப் போகிறது. ஒரு குறி மூன்று பைட்டு, ஒரு பைட்டுக்கு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். 200இல் 22 குறிதான் கொள்ளும்.

'வீட்டுத் தோட்டத்தில் கத்தரி' என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளலாம். 'வீட்டுத்' என்பதில் புள்ளி, கொக்கி எல்லாம் சேர்த்து 8 குறி. 'தோட்டத்தில்' 11. மொத்தம் 19 குறிக்கு 171 இடம், இரண்டு இடைக்கோடு சேர்த்து 173. மிச்சம் 27 இடம், அதாவது மூன்றே குறி: க, த, புள்ளி. முகவரி 'வீட்டுத்-தோட்டத்தில்-கத்' என்று முடிந்துவிட்டது. அடுத்து 'வீட்டுத் தோட்டத்தில் கத்தாழை' என்று ஒரு பதிவு. அதற்கும் அதே முகவரிதான் வரவேண்டும். இரண்டாவது என்பதால் பின்னால் '-2' ஒட்ட இரண்டு இடம் வேண்டும். அதற்காக ஒரு குறி வெட்டுப்படும். வெட்டுப்பட்டது புள்ளி. 'வீட்டுத்-தோட்டத்தில்-கத-2'. கத்தரியும் கத்தாழையும் இப்படி ஒரே செடியாகிவிட்டன.

பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸை உலாவியில் பார்க்கும் கருவி) போஸ்ட்ஸ் டேபிளைத் திறந்து, முகவரிக் கட்டத்தின் நீளம் 180ஐத் தாண்டிய வரிகளைக் கேட்டோம். 186 பதிவுகளில் 71 வந்தன. அந்த எழுபத்தொன்றுக்கும் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லாக, இரண்டு மூன்று சொல்லில் சிறிய முகவரி வைத்தோம். தமிழ் முகவரி அழகுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல இடங்களில் நான்கு வரிச் சதவீதக் குறியாக நீள்கிறது. இருந்த இருப்பைப் பார்த்துத்தான் இந்த முடிவு.

மாற்றுவதை டேட்டாபேஸில் நேரடியாகச் செய்யாமல், அட்மின் பக்கத்தின் குவிக் எடிட்டில் ஒவ்வொன்றாகச் செய்தது நல்லதாகப் போயிற்று. அப்படி மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய முகவரியையும் குறித்துவைத்துக்கொண்டு புதியதற்குத் திருப்பிவிடும். பதிவுகளுக்குள் ஒன்றையொன்று சுட்டிய பழைய இணைப்புகள் உடையவில்லை. நேரம் ஒன்றரை மணி.

டேபிள் முன்னொட்டு

லோக்கலில் நிறுவும்போது, டேபிள் பெயர் ஒவ்வொன்றின் தலையிலும் வரும் முன்னொட்டைப் பெரிய எழுத்தில் கொடுத்திருந்தது. விண்டோஸில் மரியாடிபி டேபிள் பெயர்களைத் தானாகவே சிறிய எழுத்தாக்கி வைக்கும், கேட்கும்போதும் பேதம் பார்க்காது. லினக்ஸில் பார்க்கும். கான்ஃபிக் ஃபைல் (தளத்தின் அடிப்படை அமைப்புகள் இருப்பது) பெரிய எழுத்து முன்னொட்டைக் கேட்க, டேபிள்கள் சிறிய எழுத்தில் இருக்க, வேர்ட்பிரஸ் 'ஒரு டேபிளும் இல்லையே' என்று முடிவுகட்டி, புதிதாக நிறுவும் பக்கத்தைக் காட்டும். டேட்டா எல்லாம் போய்விட்டது என்று பதறி அங்கே நிறுவு பொத்தானை அழுத்தாமல் இருப்பது முக்கியம்.

இதை லோக்கலிலேயே முடிக்கலாம். கான்ஃபிக்கில் முன்னொட்டைச் சிறிய எழுத்தாக்குவது முதல் பாதி. யூசர்மெட்டா டேபிளில் கேப்பபிலிட்டீஸ், யூசர் லெவல் போன்ற சில வரிகளின் பெயரும், ஆப்ஷன்ஸ் டேபிளில் யூசர் ரோல்ஸ் வரியின் பெயரும் அதே முன்னொட்டோடு தொடங்கும். அவற்றையும் மாற்றாவிட்டால் லாகின் ஆகும், ஆனால் உள்ளே போனதும் 'இந்தப் பக்கத்தைப் பார்க்க அனுமதி இல்லை' என்று வரும். கடவுச்சொல் தப்பு என்று அதை மாற்றிமாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

டம்ப் எடுக்கும்போது போன தமிழ்

முதல் முயற்சி கவிழ்ந்தது இங்கேதான். டேட்டாபேஸை ஒரே ஃபைலாக (டம்ப்) எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் நிரலை, விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் ஓட்டி, வெளிவந்ததை அம்புக்குறி போட்டு ஒரு ஃபைலுக்குத் திருப்பினோம். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஃபைலின் அளவு மட்டும் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு, 60 எம்பிக்கு மேல். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விண்டோஸ் 10உடன் வரும் பவர்ஷெல் 5.1, நிரலிலிருந்து வரும் பைட்டுகளை அப்படியே ஃபைலில் எழுதாது. முதலில் கன்சோலின் பழைய எழுத்துத் தொகுப்பாக வாசித்து, பிறகு யுடிஎஃப்-16ஆக எழுதும். தமிழ் எழுத்தின் முதல் பைட்டு அந்தத் தொகுப்பில் கிரேக்க ஆல்ஃபா. இரண்டாவது பைட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ திறந்த இரட்டைக் கோண மேற்கோள். அதனால்தான் தளம் முழுக்க ஆல்ஃபாவும் கோணமும். அம்புக்குறியை விட்டுவிட்டு, டம்ப் நிரலுக்கே உள்ள ரிசல்ட்-ஃபைல் தேர்வில் ஃபைல் பெயரைக் கொடுத்தால் பவர்ஷெல் குறுக்கே வராது. கூடவே எழுத்துத் தொகுப்பு யுடிஎஃப்8எம்பி4 என்று சொல்லிவிட வேண்டும்.

தமிழ் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே எங்கே கெட்டது என்று சொல்லிவிடலாம். ஆல்ஃபாவும் கோணமும் என்றால் பவர்ஷெல். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ-யும், அதை ஒட்டி வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் திரும்பத் திரும்ப வந்தால், டேட்டா பெரும்பாலும் நலம். யுடிஎஃப்-8ஐ லத்தீன் என்று யாரோ தப்பாக வாசிக்கிறார்கள். கான்ஃபிக்கில் எழுத்துத் தொகுப்பைப் பார்க்க வேண்டும், அல்லது இம்போர்ட்டில் தேர்ந்தெடுத்ததைப் பார்க்க வேண்டும். வெறும் கேள்விக்குறிகள் என்றால் எழுத்து நிஜமாகவே போய்விட்டது, அந்த டம்ப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டியதுதான். தமிழ் சரியாக இருந்து ஸ்மைலி மட்டும் கேள்விக்குறி ஆனால், எம்பி4 இல்லாத பழைய யுடிஎஃப்8இல் எடுத்திருக்கிறீர்கள். அதில் மூன்று பைட்டுவரை இடம் உண்டு, தமிழ் தப்பித்துவிடும். ஸ்மைலிக்கு நான்கு வேண்டும்.

மரியாடிபி அல்லாமல் மைஎஸ்க்யூஎல் 8 வைத்து லோக்கலில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. வேர்ட்பிரஸின் சொந்த 12 டேபிள்களும் பொதுவாகப் பிரச்சினை தராது. ஏதாவதொரு பிளகின் அடுக்குமுறை (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) எதுவும் சொல்லாமல் டேபிள் போட்டிருந்தால், அதற்கு 0900 என்ற எண் கொண்ட மைஎஸ்க்யூஎல் அடுக்குமுறை வந்து சேரும். சர்வரில் பழைய மரியாடிபி என்றால் இம்போர்ட் 1273 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். டம்ப்பை எடுக்கும் முன்பே அந்த டேபிளை யூனிகோட் 520 அடுக்குமுறைக்கு மாற்றிவிடலாம்.

முகவரி மாற்றம்

டம்ப் ஃபைலை நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறந்து, லோக்கல்ஹோஸ்ட் முகவரியைத் தேடிப் புது டொமைனாக மாற்றுவது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி. இரண்டாவது முயற்சியில் சைட்பார் காலியானது அதனால்தான்.

வேர்ட்பிரஸ் விட்ஜெட் (சைட்பாரில் வைக்கும் பெட்டி), தீம் அமைப்பு போன்றவற்றை பிஎச்பி சீரியலைஸ் (பல விவரங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும்) வடிவில் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு சரத்துக்கும் (எழுத்துத் தொடருக்கும்) முன்னால் அதன் நீளம் எழுதியிருக்கும்: ஓர் எஸ், முக்காற்புள்ளி, 24, முக்காற்புள்ளி, பிறகு மேற்கோளுக்குள் முகவரி. பழைய முகவரி 24 எழுத்து. புதியது 29. முகவரி மாறியது, எண் 24ஆகவே நின்றது. பிஎச்பி எண்ணிப் பார்க்கும், பொருந்தவில்லை என்றால் அந்த மொத்தத் தொகுப்பையும் தூக்கி எறியும். பிழை எதுவும் திரையில் வராது, விட்ஜெட் இருந்த சுவடே இருக்காது.

எண்ணைக் கையால் திருத்தலாமே என்று நினைப்பவர்கள் தமிழில் ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும். அங்கே எண்ணுவது பைட்டை. 'தோட்டம்' நமக்கு நான்கு எழுத்து, யூனிகோடுக்கு 7 குறி, சீரியலைஸில் எழுதியிருக்கும் எண் 21.

சரியான கருவி, வேர்ட்பிரஸைக் கட்டளை வரியில் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரிப்ளேஸ். அவிழ்த்து, மாற்றி, நீளத்தைத் திருத்தி, மறுபடி கட்டிவைக்கும். வேலையை மூல டேட்டாபேஸில் செய்யாமல், பிஎச்பிமைஅட்மினின் ஆபரேஷன்ஸ் பக்கத்தில் ஒரு பிரதி எடுத்து, கான்ஃபிக்கை அதற்குத் திருப்பிச் செய்தோம். ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் டிரை-ரன் (மாற்றாமல் ஒத்திகை) போட்டு எண்ணிக்கை பார்த்த பிறகே நிஜமாக ஓட்டியது. முதலில் முழு முகவரி: 1,312 இடங்கள். அடுத்து சாய்கோடுகளுக்கு முன்னால் பின்சாய்கோடு போட்ட வடிவம். பேஜ் பில்டர்கள் (பக்கத்தை வடிவமைக்கும் பிளகின்கள்) பக்கத்தை ஜேசான் என்ற தரவு வடிவில் சேமிப்பதால் முகவரி அப்படி ஒளிந்திருக்கும், முதல் சுற்றில் ஒன்றுகூட அகப்படாது. அதில் 240. மூன்றாவதாக சி டிரைவில் தொடங்கும் ஃபோல்டர் பாதை, முன்சாய்கோட்டிலும் பின்சாய்கோட்டிலும் தனித்தனியாக. 9 கிடைத்தன, எல்லாம் பேக்கப் பிளகினின் அமைப்பில்.

முன்னொட்டுள்ள எல்லா டேபிளையும் சேர் என்ற தேர்வைக் கொடுக்காமல் ஓட்டினால், வேர்ட்பிரஸுக்குத் தெரிந்த டேபிள்களோடு நின்றுவிடும். படிவப் பிளகின் தனியாக வைத்திருந்த டேபிள் முதலில் விடுபட்டது அப்படித்தான். ஜியுஐடி (பதிவின் நிலையான அடையாளம்) கட்டத்தைத் தொடாதே என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஏற்கெனவே வாசகர்களுக்குப் போன தளத்துக்கு. வெளியுலகம் இதுவரை பார்க்காத லோக்கல் தளத்தில் அதையும் மாற்றிவிடுவதே சரி.

கட்டுவதற்கு முன் கடைசிச் சுற்று

சாம்ப்பின் தாராளம் ஏமாற்றும். அதில் பிஎச்பி நினைவக வரம்பு 512 எம்பி. ஹோஸ்டிங்கில் கொடுத்தது 256. லோக்கலிலும் 256ஆகக் குறைத்துவிட்டு எல்லாப் பக்கத்தையும் ஒரு சுற்றுச் சொடுக்கினோம். ஹோஸ்டிங்கில் இயல்பாக இருந்தது பிஎச்பி 7.4, சிபேனலில் 8.2க்கு ஏற்றிக்கொண்டோம். பல பைட்டு எழுத்துகளைக் கையாளும் எம்பிஸ்ட்ரிங் நீட்டிப்பு இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதில் இரண்டு ஃபங்ஷனுக்குத்தான் வேர்ட்பிரஸ் மாற்று வைத்திருக்கிறது. தலைப்பைச் சுருக்கிக் காட்டத் தீம் வேறொன்றை அழைத்தால் பக்கம் அங்கேயே நிற்கும்.

மறைந்திருக்கும் ஃபைல்கள் தனிக் கதை. கேஷ் பிளகின் (பக்கங்களைச் சேமித்துவைத்து வேகமாகக் காட்டுவது) கான்ஃபிக்கில் ஒரு வரியும், டபிள்யூபி-கன்டென்டில் அட்வான்ஸ்டு-கேஷ் என்ற ஃபைலும் போட்டுவைக்கும். இரண்டிலும் சி டிரைவ் பாதை இருக்கலாம். கேஷ் பிளகினை லோக்கலிலேயே நிறுத்தி, இரண்டையும் நீக்கிவிட்டுத்தான் கட்டியது. பாதுகாப்புப் பிளகின் புள்ளியில் தொடங்கும் யூசர் ஐஎன்ஐ ஃபைல் ஒன்றைப் போட்டிருந்தால் அதுவும் அப்படியே. எச்டிஅக்சஸ் ஃபைலில் (சர்வருக்கான விதிகள் இருப்பது) ரீரைட்பேஸ் வரி லோக்கலின் துணைஃபோல்டரைச் சுட்டும். சர்வரில் வெறும் சாய்கோடு போதும். விட்டுவிட்டால் முகப்புப் பக்கம் மட்டும் திறக்கும், மற்றதெல்லாம் 404.

கான்ஃபிக் ஃபைலைத் திருத்த நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8. பழைய நோட்பேட் ஃபைலின் தலையில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டு வைத்துவிடும். அந்த மூன்றே போதும், ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது என்று பிஎச்பி முறையிட ஆரம்பிக்க. டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர் இரண்டுக்கும் முன்னால் சிபேனல் கணக்கின் பெயர் ஒட்டியிருக்கும். ரகசிய உப்புகளை (லாகினைப் பாதுகாக்கும் சீரற்ற எழுத்துத் தொடர்கள்) புதிதாக எடுத்துப் போட்டு, டீபக்கை அணைத்தாயிற்று. லோக்கலில் 'அட்மின்' பெயருக்கு 'அட்மின்' என்றே கடவுச்சொல் இருந்தது. அதைச் சொல்லவும் வேண்டுமா.

ஏற்றியது

டம்ப் 31 எம்பி, ஜிஜிப் முறையில் சுருக்கியதும் 4 எம்பிக்குச் சற்றுக் கீழே. பிஎச்பிமைஅட்மின் ஜிஜிப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும். டம்ப்பில் டேட்டாபேஸை உருவாக்கும் வரி இருக்கக் கூடாது. இருந்தால் ஷேர்டு ஹோஸ்டிங்கில் 1044, அனுமதி மறுப்பு. இம்போர்ட் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. டபிள்யூபி-கன்டென்ட் ஜிப் 380 எம்பி, வீட்டு இணைப்பில் ஏற 22 நிமிடம். அவிழ்த்தபின் அனுமதிகள் (யார் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் எண்கள்): ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644, கான்ஃபிக்குக்கு 600. வேலை செய்யவில்லை என்று 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுப்பவர்கள் உண்டு. பல ஷேர்டு சர்வர்களில் 777 கொடுத்தாலே 500 பிழை வரும்.

டிஎன்எஸ்ஸை (டொமைன் எந்தச் சர்வரைச் சுட்டும் என்ற பதிவு) திருப்புவதற்கு முன், விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சர்வர் ஐபியையும் டொமைனையும் ஒரே வரியில் எழுதினோம். உலகத்துக்கு இன்னும் பழைய 'விரைவில்' பக்கம், இந்த ஒரு கணினிக்கு மட்டும் புதிய தளம். பாதுகாப்புச் சான்றிதழ் (எஸ்எஸ்எல்) இன்னும் இல்லாததால் உலாவி எச்சரிக்கும், தாண்டிப் போகலாம். பெர்மாலிங்க் (பதிவு முகவரி அமைப்பு) பக்கத்தில் ஒரு தடவை சேவ், பிறகு பதிவு பதிவாகச் சரிபார்ப்பு. டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் (மற்றவர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 14400 வினாடி இருந்தது, அதாவது நான்கு மணி நேரம். முந்தைய நாளே 300க்குக் குறைத்திருந்ததால் திருப்பியதும் சில நிமிடத்தில் மாறியது. சிபேனலின் ஆட்டோஎஸ்எஸ்எல் தரும் சான்றிதழ், டொமைன் இந்தச் சர்வரைச் சுட்டிய பிறகுதான் வரும், அதற்கு முன் முயல்வது வீண். ஹோஸ்ட்ஸ் வரியை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எப்போதாவது சர்வர் மாற்றும் நாளில் இந்தக் கணினி மட்டும் பழைய சர்வரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ரீடிங் அமைப்பில் 'தேடுபொறிகள் வேண்டாம்' என்ற டிக் லோக்கலில் போட்டது. அதை எடுத்தாயிற்றா என்று இரண்டு தடவை பார்த்தோம். தொடர்புப் படிவத்தின் அஞ்சல் ஸ்பாமுக்குப் போனது. அஞ்சலை முறையாக அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின், போர்ட் 587, டிஎன்எஸ்ஸில் அனுப்புநரை உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் வைத்த பிறகு இன்பாக்ஸுக்கு வந்தது.

செலவு: டாட் இன் டொமைன் முதல் ஆண்டுக்கு 499, ஹோஸ்டிங் ஓராண்டுக்கு 1,788, ஜிஎஸ்டி 18 சதவீதம் 412. மொத்தம் 2,699 ரூபாய். கருவிகள் எல்லாம் இலவசம். புதுப்பிக்கும் விலை முதல் ஆண்டு விலையாக இருக்காது. வாங்கும் முன்பே அந்த எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த தளத்தில் மாற்றப்போவது: லோக்கல்ஹோஸ்ட்டின் துணைஃபோல்டரில் கட்டாமல் தனி விர்ச்சுவல் ஹோஸ்ட்டில் (தனக்கென ஒரு முகவரியில்), முடிந்தால் விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் லினக்ஸில் கட்டுவது. எழுத்துப் பேதம், டேபிள் பெயர், ரீரைட்பேஸ் மூன்றும் முதல் நாளிலேயே பிடிபடும். படப் பெயரும் பதிவு முகவரியும் முதல் பதிவிலிருந்தே சிறிதாக. படம் 1600 பிக்சலுக்குச் சுருங்கிய பிறகே உள்ளே.

தளம் ஓடத் தொடங்கி ஆறாம் நாள், முகப்பின் பின்னணிப் படம் போனில் மட்டும் தெரியவில்லை என்று தெரிந்தது. கட்டிய கணினியில் சாம்ப் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே தெரிந்தது. பேஜ் பில்டர் உருவாக்கி அப்லோட்ஸுக்குள் வைத்திருந்த சிஎஸ்எஸ் ஃபைலில் லோக்கல்ஹோஸ்ட் முகவரி அப்படியே இருந்தது. டேட்டாபேஸில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது, ஃபைலில்தான் இருக்கிறது. பில்டரின் டூல்ஸ் பக்கத்தில் சிஎஸ்எஸ்ஸை மறுபடி உருவாக்கும் பொத்தானை அழுத்தியதும் சரியானது. சரிபார்க்கும்போது சாம்ப்பை நிறுத்திவிட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே அகப்பட்டிருக்கும்.